வன்னிக்கு ஏற்ற மின்கலம் எது?

வணக்கம் நேயர்களே. 2025 சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் மின்சார சபை விடுத்த வேண்டுகோள் நினைவிருக்கும். பகலில் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வையுங்கள் என்றார்கள். தொழிற்சாலைகள் பூட்டு, வெயிலோ கொளுத்துகிறது, மின்சாரத்தை எடுக்க ஆளில்லை. இரவு ஏழு மணிக்கு ஊரெல்லாம் விளக்குப் போடும்போது அந்தச் சூரியன் கைகொடுக்காது.

சேமிக்க லிதியம் மின்கலம் இருக்கிறதே என்பீர்கள். கைப்பேசிக்கும் காருக்கும் அதுவே சரி. நிலத்துக்குப் பஞ்சமில்லாத வன்னியில், நீண்ட நேரச் சேமிப்புக்குப் பாய்வு மின்கலத்தையும் யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டு பெரிய தாங்கிகள். இரண்டிலும் கந்தக அமிலத்தில் கரைத்த வனேடியம் என்ற உலோகம். பம்பிகள் திரவங்களை நடுவிலுள்ள மின்கல அடுக்குக்குத் தள்ளும். அங்கே ஒரு மென்சவ்வின் இருபுறமும் அவை ஓடும்போது மின்சாரம் பிறக்கும். இரணைமடுவை நினையுங்கள்: எத்தனை நாளைக்குத் தண்ணீர் என்பது குளத்தின் கொள்ளளவு, ஒரு நேரத்தில் எவ்வளவு பாயும் என்பது துருசின் அளவு. இங்கும் கூடுதல் மணிநேரம் வேண்டுமென்றால் தாங்கியையும் திரவத்தையும் பெருப்பித்தால் போதும்.

ஆய்வுகூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மின்னேற்றியதும் ஒரு குடுவையில் மஞ்சள், மற்றதில் ஊதா. மின்சாரத்தை எடுக்க எடுக்க மஞ்சள் நீலமாகும், ஊதா பச்சையாகும். மாணவர்கள் இதைப் பார்க்கத் தொடங்கினால் மற்ற வேலை ஓடாது.

1970களில் நாசா இரும்பையும் குரோமியத்தையும் வைத்துச் செய்து பார்த்தது. சவ்வு வழியே கசிந்து இரண்டும் கலந்தன. 1980களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் குழுவினர் இருபுறமும் வனேடியத்தையே போட்டார்கள். இப்போது கசிந்தாலும் திரவம் கெடாது, சீர்செய்து பாவிக்கலாம். தீப்பற்றும் பயமும் இல்லை. 2022இல் சீனாவின் டாலியனில் 100 மெகாவோட் நிலையம் இயங்கத் தொடங்கியது. நான்கு மணிநேரம் மின்சாரம் தரும். மன்னார் தம்பபவனி காற்றாலையின் வலுவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. ஏற்றிய மின்சாரத்தில் கால்வாசி, சிலவேளை அதற்கும் மேல், திரும்பி வராது. வனேடியம் விலையும் கூட. எங்களுக்கு அதைவிடப் பெரிய வில்லங்கம் வெயில். 40 பாகை தாண்டினால் அந்த மஞ்சள் திரவத்தில் வனேடியம் படிவாகிப் பாதைகளை அடைக்கும். வவுனியாவில் சித்திரையில் நிழலிலேயே 35 பாகை. மின்கலம் வேலை செய்யும்போது திரவம் இன்னும் சூடேறும். யாரேனும் திட்டத்தோடு வந்தால், எத்தனை மெகாவோட் என்று கேட்க முன்னர், சித்திரை நண்பகலில் திரவத்தைக் குளிரவைக்க எவ்வளவு மின்சாரம் போகும் என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள். நன்றி, வணக்கம்.