இறக்கத்தில் தெரியும் வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு அடிவாரத்துக்குப் போகிற வழியில், கோரிமேட்டைத் தாண்டி ஒரு சின்ன மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். 28 வருஷமாக டூவீலரோடுதான் பிழைப்பு. "எந்த வண்டி யாருக்குத் தோதாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் பேசுங்கள்" என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கையில் ஸ்பேனர் இல்லாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

புது வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஏற்காடு ஏறுமாங்ணா?" என்பதுதான். ஏறும். இன்றைக்கு ஷோரூமில் நிற்கிற எந்தப் பெட்ரோல் வண்டியும் ஏறும். சேலம் 300 மீட்டர் உயரத்துக்கும் கீழே இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சேலத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடுகிற கார்புரேட்டர் இருந்த காலத்தில் இதனால் வண்டி கொஞ்சம் திணறும், கரும்புகை தள்ளும். 2020-இல் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, அந்த இடத்தில் பெரும்பாலும் பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற இன்ஜெக்டர்தான். காற்று குறைந்தால் அதுவே பெட்ரோலையும் குறைத்து விட்டுக்கொள்கிறது. ஆகவே ஏற்றத்தைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. "இறங்கும்போது பின்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். பலருக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2004 என்று ஞாபகம். ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்காரம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு கியர் இல்லாத ஸ்கூட்டரில் போய்விட்டுச் சாயந்திரம் இறங்கினேன். முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். கால் வைக்கிற இடத்தில் ஒரு மூட்டை ஆரஞ்சு வேறு. மேலே முதல் வளைவிலிருந்தே இரண்டு லீவரையும் பிடித்த பிடி விடவில்லை. பாதி மலை இறங்கியதும் கருகின வாடை வந்தது. முன்னால் போகிற லாரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கீழிருந்து எண்ணினால் ஏழாவது கொண்டை ஊசி வளைவில் லீவர் ஹேண்டிலைத் தொட்டுவிட்டது, வண்டி நிற்கவில்லை. இடது பக்க மண்மேட்டில் சொருகி நிறுத்தினேன். அவருக்கு முட்டியில் சிராய்ப்பு. ஆரஞ்சு ரோடெல்லாம் உருண்டது. வண்டிமேல் ஒரு குற்றமும் இல்லை. ஊருக்கெல்லாம் பிரேக் பார்க்கிறவன் இப்படி இறங்கினானே என்று இன்றைக்கும் வீட்டில் சொல்லிக்காட்டுவார்கள்.

நடந்தது என்ன தெரியுமா? டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற உருளை, அதை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துகிற பட்டைதான் லைனர். டிரம் சூடானால் விரியும், லைனரைவிட்டு விலகும். லைனரும் சூட்டில் வெந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. இது பாதிக் கதைதான். கியர் ஸ்கூட்டரிலோ பைக்கிலோ இரண்டாவது கியரில் போட்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே பெல்ட்டும், சுற்றுகிற வேகத்தில் தானாக விரிந்து பிடிக்கிற கிளட்ச்சும் இருக்கின்றன. ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் கிளட்ச் விட்டுவிடும். அதன்பின் நீங்கள் ஓட்டுவது நூறு கிலோ எடையுள்ள ஒரு சைக்கிள். வளைவுக்கு முன்னால் ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினால் கிளட்ச் மறுபடி பிடித்துக்கொள்ளும், இஞ்சின் கொஞ்சம் தாங்கும். வழியில் ஓரிடத்தில் பத்து நிமிஷம் நிறுத்தி ஆறவிட வேண்டும். சிலர் சூடான டிரம்மிலும், டிஸ்க் பிரேக்கின் தட்டிலும் பாட்டில் தண்ணீரை ஊற்றுவார்கள். டிஸ்க் வளைந்துபோய் என்னிடம் வரும். எனக்கு வருமானம்தான், ஆனாலும் ஊற்றாதீர்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆட்களைப் பார்ப்போம்.

அழகாபுரத்தில் குடியிருக்கிற ஒரு டீச்சரம்மா, மலைமேல் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிவிட்டது. ஐந்தடிக்கும் ஒரு விரல் கம்மி. ஏற 20 வளைவு, இறங்க 20 வளைவு, ஒரு நாளைக்கு 40. "ஸ்கூட்டர் 110 சிசி போதுமா, 125 எடுக்கணுமாண்ணா?" என்று கேட்டார். சேலத்துக்குள் ஐந்து ரோட்டுக்கும் நாலு ரோட்டுக்கும் போய்வர 110 தாராளம். மலைக்கு 125 எடுக்கச் சொன்னேன். கூடுதல் இழுவைக்காகச் சொல்லவில்லை. 125-இல் முன் டிஸ்க் உள்ள மாடல் சுலபமாகக் கிடைக்கும். டிஸ்க் வெளிக்காற்றில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும். அடுத்து சக்கரம். சில ஸ்கூட்டரில் முன்னால் 12 அங்குலம், பின்னால் 10 அங்குலம். ஆக்டிவா அப்படித்தான். ஜூபிடரில் இரண்டுமே 12. மழைக்காலத்தில் வளைவின் உள்பக்கம் தார் பெயர்ந்து குழி விழும். 10 அங்குலச் சக்கரம் அதில் இறங்கி ஏறுவதற்கும் 12 ஏறுவதற்கும் வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும்.

அப்புறம் என் கடை வாசலில் ஒரு சரிவு இருக்கிறது. யார் வண்டி பார்க்க வந்தாலும் அதில் நிறுத்தச் சொல்வேன். பாதி ஏறி நிற்க வேண்டும், பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும். டீச்சரம்மா பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் வந்திருந்தார், அதில் ஏறி நின்றார். இரண்டு பிரேக்கும் கையில், இரண்டு காலும் தரையில். கால் விரல்தான் ஊன்றியது, குதிகால் எட்டவில்லை. இருந்தாலும் இரண்டு காலும் ஊன்ற முடிந்ததால் சமாளித்தார்.

இதே சரிவில் விழுந்தவர் வேறொருவர். கருப்பூர் பக்கம் இன்ஜினீயரிங் படிக்கிற தம்பி. ஐந்தே காலடி உயரம். "எக்ஸ்பல்ஸ் எடுக்கலாம்னு இருக்கேங்ணா, மலையில ஆஃப்ரோடு போகணும்" என்றார். நண்பனுடையதை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 நல்ல வண்டி, அதில் சந்தேகமே இல்லை. நம் நாட்டில் நடுத்தர விலைக்கு மண் ரோட்டு வண்டி என்று சொல்லத்தக்கதாக 2019-இல் வந்தது. முன்சக்கரம் 21 அங்குலம், தரைக்கும் அடிவயிற்றுக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி. கல்லைப் பார்த்தால் ஒதுங்க வேண்டாம், மேலேயே ஏற்றலாம். சீட் உயரம் 825 மில்லிமீட்டர். இங்கேதான் வில்லங்கம்.

கியர் பைக்கில் பின் பிரேக் வலது காலில் இருக்கிறது. ஏற்றத்தில் நிறுத்தினால் வலது கால் பிரேக்கில், தரையில் ஊன்ற இடது கால் மட்டும். இப்போது மலையில் இடது பக்கம் திரும்புகிற ஒரு கொண்டை ஊசி வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பஸ் இறங்குகிறது. அவருக்கு ரோடு முழுவதும் வேண்டும். நீங்கள் வளைவின் உள்பக்கமாக ஒதுங்கி நிற்கிறீர்கள். ரோடு உள்பக்கம் சரிந்திருக்கும். ஆகையால் இடது கால் தேடுகிற தரை, சமதளத்தில் இருப்பதைவிட ஒரு சாண் கீழே. அங்கே கால் எட்டாமல் துழாவும்போது வண்டி சாயும். கொஞ்சம் சாய்ந்துவிட்டால் 160 கிலோவை ஒற்றைக் காலால் நிமிர்த்த முடியாது. தம்பி என் கடை வாசலில் அப்படித்தான் சாய்ந்தார், நான் பிடித்துக்கொண்டேன். மலையில் யார் பிடிப்பார்கள்?

உயரம் குறைந்தவர்கள் இந்த வண்டியே ஓட்டக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சீட்டின் ஒரு பக்கமாக நழுவி உட்கார்ந்து, ஒரு காலை முழுசாக ஊன்றப் பழகியவர்கள் இருக்கிறார்கள். பழகுவதற்கு ஆறு மாதம் ஆகும், அதுவரை ஏற்காடு பக்கம் வேண்டாம் என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. ரீல்ஸ் போடத்தான் அவசரம் என்று பிறகு தெரிந்தது.

ஆஃப்ரோடு என்ற பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையில் மண் பாதை என்று கண்ணில் படுவதெல்லாம் ஒன்று யாரோ ஒருவருடைய காப்பித் தோட்டம், இல்லையென்றால் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் வண்டியை விடுவது குற்றம். தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பட்டன் டயர் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் மட்டும் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். மண்ணைக் கவ்வுவதற்கு வைத்த கட்டைகள் அவை. பனியில் நனைந்த தாரில் அவற்றுக்குப் பிடி குறைவு.

நாகலூர் பக்கத்தில் மிளகும் பலாவும் வைத்திருக்கிற ஒரு பெரியவர், மலைவாழ் மக்களில் ஒருவர், வருஷா வருஷம் என்னிடம் வருகிறார். அவர் ஓட்டுகிற பாதையை நான் நடந்தே போய்ப் பார்த்திருக்கிறேன். செம்மண், நடுவில் ஓடை, அதன்மேல் சவுக்கு வாரை போட்ட பாலம். எக்ஸ்பல்ஸோ ஹிமாலயனோ ஓட்டுகிறவர் அந்தப் பாதையை வீடியோ எடுத்துக்கொண்டு போவார். பெரியவர் பழைய நூறு சிசி பைக்கில், பின்னால் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு தினம் போகிறார். அதில் நான் செய்துகொடுத்த ஒரே மாற்றம், பின் ஸ்பிராக்கெட்டில், அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரத்தில், இரண்டு பல் கூடுதல். மேல்வேகம் குறையும், அது அவருக்கு எதற்கு? முதல் கியரில் ஆள் நடக்கிற வேகத்தில் ஏறும். இறங்கும்போது இஞ்சின் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், பிரேக்கைத் தொட வேண்டிய வேலை கொஞ்சம் குறையும். 18 அங்குலச் சக்கரம், ஒல்லி டயர், எடை 110 கிலோ சொச்சம். சேற்றில் மாட்டினால் அவரே தூக்கித் திருப்பி வைப்பார்.

அவர் மகன் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வைத்திருக்கிறான். 90 கிலோகூட இல்லை, 16 அங்குலச் சக்கரம், முன்னால் மூட்டை வைக்கத் தட்டையான இடம். 1980-இல் வந்த டிவிஎஸ் 50 வம்சம். மூட்டை ஏற்றுவதில் அதை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை. ஒரே கியர் என்பதால் பாரத்தோடு செங்குத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தேயும். அதுதான் அதன் தொந்தரவு.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனைப் பற்றிக் கேட்கிறவர்களும் உண்டு. 2023 கடைசியில் வந்த 450, பெட்ரோலோடு 196 கிலோ. ஏற்காடு வழியாகக் கொல்லிமலை, அங்கிருந்து இன்னும் தூரம் என்று நாள் கணக்கில் போகிறவருக்கு அருமையான வண்டி. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ்ஸை, மண் இறக்கத்துக்காகப் பின் சக்கரத்தில் மட்டும் நிறுத்தி வைக்கவும் அதில் வசதி உண்டு. உதிரிக் கல்லில் பின் சக்கரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தால்தான் வேகம் குறையும். வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். நண்பருடைய வண்டியைப் புல்தரையில் மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்து, தனியாளாக நிமிர்த்திப் பாருங்கள். முடியவில்லை என்றால் துணையோடு போகிற வண்டி என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிற தம்பதி, அந்த அம்மாவுக்கு மூட்டுவலி. அவர்களுக்கு மலையே வேண்டாம். 110 ஸ்கூட்டர், தாழ்ந்த சீட், அவ்வளவுதான்.

மின்சார ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். ஏத்தரும் டிவிஎஸ் ஐக்யூபும் நம் ஓசூரில்தான் தயாராகின்றன. ஏற்றத்தில் சார்ஜ் மளமளவென்று இறங்கும், இறக்கத்தில் மோட்டாரே பிரேக் மாதிரி பிடித்துக் கொஞ்சம் சார்ஜைத் திருப்பி ஏற்றும். இறக்கத்துக்கு நல்ல சங்கதி. ஆனால் மேலே லாட்ஜில் ராத்திரி முழுக்கப் போட்டு நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கினால், திருப்பி ஏற்ற பேட்டரியில் இடம் இருக்காது. முதல் சில வளைவுகளில் அந்தப் பிடி குறையும். கொஞ்சம் குறையாக வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

பிளஸ் ஒன் படிக்கிற பையனுக்கு வண்டி கேட்டு வருகிற அப்பாக்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டி மட்டும். 110 ஸ்கூட்டர் அதில் சேராது. 2019-இல் திருத்திய சட்டப்படி பையன் ஏதாவது செய்தால் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு.

நேற்று டீச்சரம்மா முதல் சர்வீசுக்கு வந்திருந்தார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பின் லைனர் இவ்வளவு சீக்கிரம் தேயக் கூடாது, நன்றாகத் தேய்ந்திருக்கிறது. முன் டிஸ்க் பேட் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது. "முன் பிரேக் பிடிச்சா கவுந்துடும்னு எங்க வீட்ல சொன்னாங்கண்ணா" என்றார். அவ்வளவு சொல்லி 125 வாங்க வைத்த டிஸ்க்கை அவர் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசல் சரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அவர் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு.

வணக்கம்.