பலகையின் நுனி

(அதிராம்பட்டினத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கரையில் பாய் விரித்து ஓடிய வத்தையை உங்கள் தாத்தாமார் பார்த்திருப்பார்கள். தட்டையான அடி, மூன்று பாய்மரம். பாக் விரிகுடாவின் ஆழமில்லாத சேற்றுக் கடலுக்கு அப்படித்தான் கட்டவேண்டும்.

பத்து வயதில் பெரியப்பாவோடு அதில் போனேன். சோளகக் காற்று ஏறி அடித்ததும் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. உடனே ஒரு நீளப் பலகையைக் காற்று வரும் பக்கம் வெளியே தள்ளினார்கள். ஓர் அண்ணன் அதில் நடந்து நுனிக்குப் போனார். வழுக்கும் ஈரப் பலகை. விரல்களை மடக்கி அதைக் கவ்விக்கொண்டிருந்த அவர் பாதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவருக்குக் கீழே கடல் ஓடியது. "இன்னும் தள்ளிப் போடா!" என்று பெரியப்பா கத்த, படகு நிமிர்ந்தது. காற்று தணிந்ததுமே அந்த அண்ணன் உள்ளே வந்துவிடவேண்டும், இல்லாவிட்டால் பலகையோடு தண்ணீரில்தான்.

1938-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஸ்காட், ஜான் வின்டர் என்ற இருவர் இதே வேலையைக் கம்பியால் செய்தார்கள். பாய்மரத்தில் கட்டிய கம்பியில் ஒருவர் இடுப்பைக் கொக்கியிட்டு, படகுக்கு வெளியே சாய்ந்தார். அந்த ஆண்டு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் வெற்றி அவர்களுக்கு. கையோடு அந்தக் கம்பிக்குத் தடை! டிரபீஸ் என்ற அந்த ஏற்பாடு இன்று ஒலிம்பிக் படகிலேயே இருக்கிறது.

இன்னொரு தடையும் உண்டு. 1876-இல் நியூயார்க்கில் ஹெரஷாஃப் என்பவர் இரட்டை உடல் படகு ஒன்றைக் கட்டி எல்லோரையும் முந்தினார். தோற்றவர்கள் முறையிட, அந்த வகைப் படகையே ஒதுக்கிவிட்டார்கள். அதற்குத்தான் நம் கட்டுமரத்தின் பெயர், கேட்டமரன். பெயர் நம்முடையது, வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது. அதை மறைத்துப் பெருமை பேசவேண்டாம். 2013-இல் அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் பந்தயம் நடந்ததே 72 அடி கேட்டமரன்களில்தான். தண்ணீருக்குள் சிறு இறக்கைகள் இருக்கும். வேகம் பிடித்ததும் அவை படகை அப்படியே தூக்கிவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. அதிலிருந்து உடல் மேலே வந்துவிட்டால் இழுவை குறைகிறது, படகு பறக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்த மாற்றம் இதைவிடச் சின்னது. கோடி கோடியாகக் கொட்டாமல், எல்லோருக்கும் ஒரே அச்சுப் படகு, ஒரே பாய். கெட்டிக்காரன் ஜெயிக்கட்டும். அப்படி வந்த லேசர் படகு 1996 முதல் ஒலிம்பிக்கில் ஓடுகிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோவுக்குப் போனது அந்த வகைப் படகில்தான். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றதும் அதில்தான். வேலூரில் ஏது கடல்? நமக்குக் கடல் வாசலிலேயே கிடக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? 1947-இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக ஆப்டிமிஸ்ட் என்ற படகை வரைந்தார். நீளம் எட்டடிக்குள், பிளைவுட்டில் கட்டலாம். வத்தை கட்டிய கைகளுக்கு அது பெரிய வேலையா? இங்கே முன்வரிசையில் படகு கட்டும் இரண்டு ஓடாவிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பிளைவுட் நான் வாங்கித் தருகிறேன், அண்ணே. பாய்த்துணியை மட்டும் இந்த ஊர் பார்த்துக்கொள்ளட்டும். முதல் படகில் ஏற யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.