பென்சீனுக்குள் ஒளிந்திருந்த கந்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

1882-ஆம் ஆண்டு, சூரிச் நகரம். விக்டர் மேயர் என்ற பேராசிரியர் வகுப்பில் ஒரு சோதனையைச் செய்து காட்டுகிறார். பென்சீனோடு இசாட்டின் என்ற சேர்மத்தையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்துக் குலுக்கினால் அடர்நீலம் வரவேண்டும். எப்போதும் வரும். அன்று வரவில்லை.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பென்சீன் தீர்ந்துபோனதால், உதவியாளர் சாண்ட்மேயர் பென்சாயிக் அமிலத்திலிருந்து தயாரித்த பென்சீனைக் கொடுத்திருந்தார். அது சுத்தமான சரக்கு. அப்படியானால் இத்தனை நாளும் நீலம் காட்டியது பென்சீனே இல்லை! தார் பென்சீனில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த அந்நியனை மேயர் பிரித்தெடுத்து, தயோஃபீன் என்று பெயரிட்டார். பென்சீன் 80 டிகிரியில் கொதிக்கும், இது 84-இல். காய்ச்சி வடித்தாலும் இரண்டும் சேர்ந்தே வரும். அத்தனை காலம் யார் கண்ணிலும் படாததில் வியப்பில்லை.

தயோஃபீன் வளையத்தில் நான்கு கார்பன், ஒரு கந்தகம். இப்படிக் கார்பனோடு வேறு தனிமமும் வளையத்தில் இடம்பிடித்தால், அது பல்லின வளையச் சேர்மம். கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் என்றால் ஃபியூரான், நைட்ரஜன் என்றால் பிர்ரோல். ஆறு கார்பன் வளையமான பென்சீனில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் வந்தால் பிரிடின்.

தயோஃபீன் பென்சீனைப் போலவே உறுதியானது. சரி, ஐந்து அணு வளையத்துக்குப் பென்சீனின் குணம் எப்படி வந்தது? பென்சீனின் உறுதிக்குக் காரணம் வளையம் முழுக்கப் பரவியிருக்கும் ஆறு பை எலக்ட்ரான்கள். தயோஃபீனில் கார்பன்கள் நான்கைத் தருகின்றன. கந்தகம், பிணைப்பில் சேராத தன் தனித்த இணைகளில் ஒன்றை, அதாவது இரண்டு எலக்ட்ரான்களை, போட்டுக் கணக்கை ஆறாக்குகிறது.

மாணவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. பிரிடின் காரம், அதாவது தன் எலக்ட்ரான் இணையைக் கொடுத்துப் புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும். பிர்ரோலில் காரத்தன்மை ஏறக்குறைய இல்லை. இரண்டிலும் நைட்ரஜன்தானே? பிர்ரோலின் நைட்ரஜன் தன் இணையை வளையத்துக்குக் கொடுத்துவிட்டது. புரோட்டான் வந்து கேட்டால் கையில் ஒன்றுமில்லை. பிரிடினில் அந்த இணையைத் தொடாமலே ஆறு சேர்ந்துவிடுகிறது, அதனால் தாராளமாகக் கொடுக்கலாம். வினைகளை வரிசையாக உருப்போடுவதைவிட, இணை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பதே மேல் என்பேன்.

அப்புறம், அந்தத் தயோஃபீன். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க இதய நோயாளிகள் பலர் சாப்பிடும் குளோபிடோகிரல் மாத்திரையில் அதே வளையம் இருக்கிறது. விழுங்கும்போது அதற்கு வேலை செய்யும் திறன் கிடையாது. கல்லீரல் நொதிகள் வளையத்தைத் திறந்த பிறகுதான் கந்தகம் வெளிப்பட்டு, ரத்தம் உறைய உதவும் தட்டணுவின் ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. பற்றினால் விடாது, அந்தத் தட்டணு இருக்கும்வரை அந்தப் பிடி நீடிக்கும். அறுவை சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பே மருத்துவர்கள் இதை நிறுத்தச் சொல்வது அதனால்தான். அவர்கள் சொல்லாமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வணக்கம்.