சட்டம் தெரிந்த பிள்ளைக்கு வாதாடவும் தெரிய வேண்டும்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று பல ஊர்களிலிருந்தும் வேலை வெட்டியை முடித்துவிட்டு இந்தத் தருமபுரி மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, முன்வரிசையை நிரப்பியிருக்கிற மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

உரிமைகள் விஷயத்தில் மாணவர்களுக்கு இன்று பெரிதும் தேவை சட்ட அறிவா, ஆராய்ந்து வாதிடும் பயிற்சியா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் ஐயா ஒரு வழக்கறிஞர். ‘முதலில் அரசியல் சட்டத்தில் சமத்துவம், பாகுபாடின்மை, தீண்டாமை ஒழிப்பு, வாழும் உரிமை பற்றிய பிரிவு 14, 15, 17, 21 என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும், வாதமெல்லாம் பிறகு’ என்றார். அடுத்துப் பேசிய அம்மா, வாதாடக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் பெரியவர்களை எதிர்த்துப் பேசும், பள்ளிக்குள் சாதிச் சண்டை வரும் என்று பயந்தார். மூன்றாவதாக வந்த தம்பி, ‘இதற்கெல்லாம் மார்க் எங்கே?’ என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் இந்த மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பெண்ணின் திருமண வயது எத்தனை என்று ஒரு மதிப்பெண் வினா கொடுத்தால் என் வகுப்பில் தப்பாக எழுத ஆளே கிடையாது. எல்லோரும் 18 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போராடுகிற மாவட்டங்களின் வரிசையில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இன்னமும் இருக்கின்றன. 18 என்று எழுதிய கையிலேயே சில மாதத்தில் மருதாணி வைக்கிறார்கள் ஐயா. அந்தப் பிள்ளைக்குச் சட்டம் தெரியும். வீட்டில் மாமன் வந்து உட்கார்ந்து, ‘வயசு வந்தாச்சு, நல்ல இடம், ஜாதகம் பொருந்தியிருக்கு, இதை விட்டால் அப்புறம் இந்த மாதிரி அமையாது’ என்று சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அங்கே பிரிவு எண்ணைச் சொன்னால் யார் கேட்பார்கள்?

என்னிடம் படித்த ஒரு மாணவி பதில் சொன்னாள். பத்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் வீட்டில் அவளுக்குத் திருமணப் பேச்சு எழுந்திருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு: எந்தப் பொருளில் வாதாடினாலும் முதலில் எதிர்த் தரப்பின் நியாயங்களை எழுத வேண்டும், அதுவும் அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும். அவள் தன் அப்பாவின் நியாயங்களை எழுதியிருக்கிறாள். மழை இல்லை, கடன் இருக்கிறது, பின்னால் இரண்டு தங்கைகள், பக்கத்து ஊரில் ஒரு பெண் வீட்டைவிட்டுப் போனதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. எல்லாவற்றையும் எழுதியபிறகு ஒவ்வொன்றுக்கும் பதில் தேடியிருக்கிறாள். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி திருமணத்தை நடத்தி வைப்பவருக்கும் அதற்கு உடன்படும் பெற்றோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்பதை அப்பாவுக்குக் காட்டினாள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தன் வங்கிக் கணக்குக்கே வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். அவர் பயத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவளுக்குத் தெரியும். அப்பா கேட்காவிட்டால் கூப்பிட்டிருப்பாள், அதைத் தப்பென்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கூப்பிட வேண்டிய தேவை வரவில்லை. இன்றைக்கு அவள் கல்லூரியில் படிக்கிறாள்.

இது எதிர்த்துப் பேசுவதா அம்மா? அந்த அப்பாவின் கஷ்டத்தை அந்த வீட்டில் அவளைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் யார்? வாதப் பயிற்சி என்றால் நாக்கை நீட்டுவது என்று நினைக்கிறோம். எதிராளியின் வாதத்தை அவரைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்த பிறகுதான் மறுக்கத் தொடங்கலாம் என்பது அதன் முதல் விதி. அந்த விதி பழகிய பிள்ளை கத்தாது.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலரின் பல்லில் காவி படிந்திருக்கும். காரணம், நிலத்தடி நீரில் இருக்கிற ஃபுளோரைடு என்ற உப்பு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. சுத்தமான தண்ணீர் பிரிவு 21 தருகிற வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. எதிரணி கேட்கிற சட்ட அறிவு இதோடு முடிந்தது. ‘எங்கள் உரிமையைக் கொடு’ என்று ஒரு மனு எழுதலாம், போய்ச் சேரும்.

எங்கள் பிள்ளைகள் மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு ஊராட்சியில் தெருத் தெருவாகப் போனார்கள். யார் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், எத்தனை வயதில் பல் நிறம் மாறியது, எந்தத் தெருவுக்கு எந்த போர்வெல் என்று எழுதினார்கள். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, ஒரு மாணவனின் தாயார் கையெழுத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போனது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அப்புறம் வகுப்பை இரண்டாகப் பிரித்தோம், ஒரு பக்கம் ஊர் மக்கள், மறுபக்கம் ஊராட்சி. ஊராட்சி பக்கம் விழுந்த பையனுக்குக் கோபம். ‘எங்கள் தெருவுக்கே தண்ணீர் வரவில்லை, நான் எப்படி அவர்களுக்காகப் பேசுவேன்?’ என்றான். பேசித்தான் ஆக வேண்டும் என்றோம். அவன்தான் பம்ப் ஆபரேட்டரிடம் போய் உட்கார்ந்து விஷயத்தைக் கண்டுபிடித்தான். ஒகேனக்கலிலிருந்து காவிரிக் குடிநீர் ஊருக்கு வரத்தான் செய்கிறது, ஆனால் போதாத நாட்களில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். ஆபரேட்டர் கெட்டவர் இல்லை. கலக்காவிட்டால் கடைசித் தெருவுக்கு ஒரு குடம்கூடப் போகாது.

இதைக் கண்டுபிடித்தபிறகு பிள்ளைகளின் கோரிக்கையே மாறிவிட்டது. குடிக்கிற தண்ணீருக்கு ஒரு தொட்டி, புழங்குகிற தண்ணீருக்கு ஒரு தொட்டி, இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் என்று அக்டோபர் 2 கிராம சபையில் பெற்றோர்கள் எழுந்து கேட்டார்கள். தீர்மானம் எழுதப்பட்டது. தொட்டி இன்னும் வரவில்லை, அதையும் இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அந்த ஊருக்கு இப்போது தெரியும்.

நடுவர் அவர்களே, இந்த மண்ணில் பேசுகிற எவரும் வாச்சாத்தியைத் தாண்டிப் போக முடியாது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், பார்த்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறோம். 1992 ஜூன் 20. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற பழங்குடி மக்களின் ஊர். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து போனார்கள். ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அன்றைக்குச் சட்டம் இல்லையா? இருந்தது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கிற வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதிகாரிகள் தரப்பு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. சீருடையில் இருந்தவர்களுக்கும் படிக்காத ஏழைப் பெண்களுக்கும் நடுவில் யார் பேச்சு எடுபடும் என்பதுதான் அன்றிருந்த நிலை.

அதை மாற்றியது என்ன? மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள் நேரில் போய்க் கேட்டு எழுதினார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரி ஊருக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார். சிபிஐ விசாரணை வந்தது. அந்தப் பெண்கள் பயத்தை விழுங்கிக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார்கள். இதோ இந்தத் தருமபுரி நீதிமன்றத்தில், 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டில் தீர்ப்புச் சொல்வதற்கு முன் உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023இல், அதே செப்டம்பர் 29ஆம் தேதி, தண்டனையை உறுதி செய்தார். உயர் நீதிமன்ற நீதிபதியே போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறார். நம் பிள்ளைகள் மட்டும் கைடைப் பார்த்து எழுதினால் போதுமா?

இதைப் பாடமாக எடுக்கும்போது தேதிகளை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், வேறு யாரைக் கேட்டுச் சரிபார்க்கலாம் என்று மூன்று கேள்விகளைத்தான் எழுதச் சொல்கிறோம். செய்தித்தாளோ, நீதிமன்றத் தீர்ப்போ, பாட்டி சொன்னதோ, வாட்ஸ்அப்பில் வந்ததோ, எல்லாவற்றுக்கும் அதே மூன்று கேள்வி.

அமெரிக்காவில் 1955 மார்ச் 2 அன்று, மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர் கிளாடெட் கோல்வின். பதினைந்து வயதுப் பள்ளி மாணவி. இதே மறுப்புக்காக உலகப் புகழ் பெற்ற ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முந்தி. எதிரணி ஐயா உடனே கேட்பார்: ‘இது என் அரசியல் சட்ட உரிமை’ என்றுதானே அவரும் சொன்னார், அது சட்ட அறிவு இல்லையா? ஆமாம் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அவர் வகுப்பில் அரசியல் சட்டத்தோடு தங்கள் மக்களின் வரலாற்றையும் எடுத்து, இன்று நமக்கு நடப்பது சரியா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு, பேருந்தில் இனப் பிரிவினையை எதிர்த்து வழக்குத் தொடுத்த நான்கு பெண்களில் ஒருவராக அவர் நீதிமன்றத்தில் நின்று, நகராட்சி வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையைத் தாங்கினார். அப்போது வயது பதினாறு. 1956 நவம்பரில் அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் வரை வென்றார்கள். சட்டம் தெரிந்தவர் அந்த ஊரில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள், கூண்டில் ஏறிப் பதில் சொல்ல நான்கு பேர்தான் வந்தார்கள்.

ஒழுங்கு கெட்டுப்போகும் என்று பயப்படுகிற அம்மாவுக்குக் கேரளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1985இல் மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு வெளியேற்றினார்கள். நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், மத நம்பிக்கை காரணமாக வாய்விட்டுப் பாடவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி பார்த்தது என்ன? பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? தேடினால் அப்படி ஒரு சட்டமே இல்லை. பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். ‘எங்கே எழுதியிருக்கிறது?’ என்று பணிவாகக் கேட்கத் தெரிவதை ஒழுங்கின்மை என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

சாதிச் சண்டை வரும் என்றீர்கள். 2012 நவம்பரில் இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிந்தன. வகுப்பறையில் வாதாடியதாலா எரிந்தன? ஒரு காதல் திருமணத்தைப் பற்றி வந்த பேச்சையெல்லாம் அப்படியே நம்பி, கேள்வி கேட்காமல் ஒரு கூட்டம் திரண்டது. நாங்குநேரியில் 2023இல் ஒரு பிளஸ் டூ மாணவனை அவன் கூடப் படித்தவர்களே அரிவாளால் வெட்டினார்கள். பேசாமல் இருந்தால் சாதி போய்விடும் என்று நம்பித்தானே இத்தனை வருடம் வகுப்பில் பேசாமல் இருந்தோம்? அந்த மௌனத்துக்குள்தான் சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற கயிறும் அதன் நிறமும் வளர்ந்தன. வேறு சாதிப் பையனின் தரப்பை எழுதி, அவன் முகத்தைப் பார்த்துப் படித்துக் காட்டிய ஒருவனுக்கு அடுத்த நாள் அரிவாள் எடுப்பது கஷ்டம். வரலாறு எடுக்கிற ஆசிரியராக இதை மனதார நம்புகிறேன்.

கடைசியாகத் தம்பி கேட்ட மார்க். அரசியல் சட்டத்தைத்தானே உங்கள் அணி கையில் பிடித்திருக்கிறது? அதிலேயே 51ஏ பிரிவில், ஆராயும் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று இருக்கிறது. சட்டத்தைப் படி என்று சொல்கிற சட்டமே ஆராயவும் சொல்கிறது. நேரம் எங்கே என்றும் கேட்பீர்கள். வாரத்தில் ஒரு பாட வேளை போதும் தம்பி. குடிமையியலில் ஒரு பாடத்தை நோட்ஸ் எழுதிப் போடாமல், இரண்டு பக்கமாகப் பிரித்து வாதாட விடுங்கள். அந்தப் பாடத்தில் வருகிற நெடுவினாவைப் பிள்ளைகள் தாங்களே எழுதிவிடுவார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கள் பள்ளியில் அடுத்த முறைக்கான பொருளைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்: ஊரில் சுடுகாட்டுப் பாதை ஏன் இரண்டாக இருக்கிறது? வருவாய் ஆவணத்தில் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். எதிரணி வழக்கறிஞர் ஐயா ஒரு சனிக்கிழமை வந்து, அந்த ஆவணத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.