இறக்கத்துல மாரத்தான்: மூச்சு தாங்கும், தொடை தாங்குமா?

[திரையில்: செயின்ட் ஜார்ஜ் மாரத்தான் பாதையின் உயர வரைபடம்]

வணக்கம். இந்தக் கோட்டைப் பாருங்க. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல 1977-லேர்ந்து நடக்குற செயின்ட் ஜார்ஜ் மாரத்தானோட பாதை இது. மலைமேல சுமார் 1,600 மீட்டர் உயரத்துல தொடங்கி, ஊருக்குள்ள சுமார் 820 மீட்டர்ல முடியுது. இறக்கம்தானே, கால் தானா ஓடிடும்னு வர்றவங்கள்ல பலர் 30 கிலோமீட்டர் தாண்டினதும் ஓட முடியாம நடக்க ஆரம்பிச்சிடுவாங்க. அவங்களுக்கு மூச்சு வாங்காது. தொடைதான் மடங்க மறுக்கும்.

காரணம் இதுதான். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலயும் முன்தொடைத் தசை நீண்டுகிட்டே பாரத்தைத் தாங்கி, உடம்புக்கு பிரேக் போடுது. சுருங்கி வேலை செய்யும்போது ஆகாத சேதம், நீளும்போது பாரம் விழுந்தா தசை இழையில ஆகும். ஆனா ஆக்சிஜன் செலவு குறைவு. அதனால வாட்ச்ல இதயத்துடிப்பு சாதுவாவே தெரியும். அந்த எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டாதீங்க, தொடை படுற பாட்டை அது சொல்லாது.

இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. ஒரு தடவை இறக்கத்துல ஓடி வலி வந்த தசை, அடுத்த தடவை அதே ஓட்டத்துக்கு அவ்வளவு சேதமாகாது. அந்தப் பாதுகாப்பு சில வாரம் நிக்கும். நம்ம பயிற்சி முழுக்க இதை நம்பித்தான்.

பந்தயத்துக்கு 10 வாரம் முன்னாடி ஆரம்பிங்க. வாரத்துக்கு ஒரே நாள், 2-லேர்ந்து 4 சதவீதச் சரிவு உள்ள தார் ரோடு போதும். முதல் வாரம் 400 மீட்டர் இறக்கம் நாலு தடவை, திரும்ப நடந்து ஏறுங்க. வாராவாரம் கொஞ்சம் கூட்டி, நீண்ட ஓட்டத்தோட கடைசி 6, 8 கிலோமீட்டர் இறக்கமா வர்ற அளவுக்குக் கொண்டுபோங்க. கடைசி கடுமையான இறக்கப் பயிற்சி பந்தயத்துக்கு 2, 3 வாரம் முன்னாடியே முடிஞ்சிடணும். பக்கத்துல சரிவே இல்லைன்னா, படிக்கட்டு விளிம்புல ஒரு கால்ல நின்னு, மறுகால் தரையைத் தொடுற வரை நாலு நொடி எடுத்து மெதுவா இறங்குங்க. காலுக்கு 10 தடவை, மூணு சுத்து. ரோட்டுக்கு இது முழு மாற்று ஆகாது, ஆனா சும்மா போறதுக்கு எவ்வளவோ மேல்.

[திரையில்: பக்கவாட்டில் இரண்டு ஓட்டக்காரர்களின் கால், மெதுவாக]

இடதுபக்கம் இருக்குறவரைப் பாருங்க. பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னாடி விழுது, முழங்கால் நேரா விறைச்சிருக்கு, முதுகு பின்னாடி சாயுது. ஒவ்வொரு அடியும் முழு பிரேக். வலதுபக்கம் அடி சின்னது, வேகமானது, பாதம் இடுப்புக்குக் கீழ விழுது. உங்க கால் சத்தத்தைக் கேளுங்க. ‘சப்’னு அறைஞ்சா, அடியைச் சுருக்குங்க.

அடுத்தது ஷூ. விரல் முன்னாடி மோதிக்கிட்டே இருந்தா நகம் கறுத்துப் போகும். பெருவிரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும். ஆனா பெரிய ஷூ மட்டும் வாங்கினா கால் வழுக்கும். குதிகாலைப் பிடிச்சு நிறுத்தணும். லேஸை மேல இருக்குற கடைசி ஓட்டைக்குள்ள அதே பக்கமே விட்டு, ரெண்டு பக்கமும் சின்ன வளையம் விடுங்க. இடது லேஸை வலது வளையத்துலயும், வலதை இடதுலயும் நுழைச்சு, கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்க. நகத்தை முந்தின நாள் வெட்டாதீங்க. மூணு நாள் முன்னாடியே வெட்டிடுங்க.

பந்தய நாள். விடியறதுக்கு முன்னாடியே பஸ்ல மலைக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. மேல நல்ல குளிர், தொடங்குற இடத்துல நெருப்பு மூட்டி வச்சிருப்பாங்க. வழியில கழட்டிப் போட்டாலும் வருத்தமில்லாத பழைய ஸ்வெட்டரும் கையுறையும் வேணும். சாப்பாடு கிளம்புறதுக்கு 3 மணி நேரம் முன்னாடின்னா, அது பஸ்லயோ பஸ்ஸுக்கு முன்னாடியோதான். பழகின பிரெட், வாழைப்பழம் மாதிரி எதையாவது கையில எடுத்துக்கோங்க. ஓடும்போது மணிக்கு 40-லேர்ந்து 60 கிராம் மாவுச்சத்து, அதாவது ரெண்டு மூணு ஜெல் (சின்ன பாக்கெட்ல வர்ற இனிப்புக் கூழ்), தண்ணியோட. கீழ போகப்போக வெயில் ஏறும், தாகம் வந்தா தள்ளிப்போடாதீங்க.

இப்ப வேகம். இந்தப் பாதையோட பொறி இங்கதான். 11 கிலோமீட்டர் தாண்டினதும் வேயோங்கிற சின்ன ஊர் வரும், அதை ஒட்டி ஒரு ஏற்றம். அதுக்கப்புறமும் கொஞ்சதூரம் மெல்ல ஏறிக்கிட்டேதான் இருக்கும். பெரிய இறக்கம் எல்லாம் ரெண்டாவது பாதியில. 4 மணி நேரம் இலக்குன்னா சராசரி கிலோமீட்டருக்கு 5:41. முதல் 10 கிலோமீட்டர்ல 5:30-ஐ விட வேகமா போகாதீங்க. வேயோ ஏற்றத்துல 6:30 ஆனாலும் பரவாயில்ல, விட்டுடுங்க. பாதி தாண்டி இறங்கும்போது தொடை நல்லா இருந்தா அந்த நேரம் தானா திரும்பி வரும். ரோட்டோட ஓரம் சாய்ஞ்சிருக்கும், அனுமதிக்கிற இடத்துல நடுவுலயே ஓடுங்க.

இங்க கிடைக்குற நேரத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. 2011-ல பாஸ்டன் மாரத்தான்ல கென்யா வீரர் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02-ல முடிச்சும் உலக சாதனையா ஏத்துக்கல. பாதையோட இறக்கம் அனுமதிச்ச அளவைத் தாண்டினது ஒரு காரணம். 2027 பாஸ்டனுக்குத் தகுதி பெற, தொடங்குற இடத்துக்கும் முடியுற இடத்துக்கும் உயர வித்தியாசம் 1,500 அடிக்கு மேல, 3,000-க்குக் கீழ உள்ள பந்தயத்துல ஓடினா உங்க நேரத்தோட 5 நிமிஷம் கூட்டிடுவாங்க. செயின்ட் ஜார்ஜோட 780 மீட்டர் இறக்கம் சுமார் 2,560 அடி, அதுக்குள்ள வருது.

முடிச்சப்புறம் ரெண்டாவது நாள்தான் வலி உச்சம். படிக்கட்டுல கைப்பிடியைப் பிடிச்சு இறங்குங்க. ஓடும்போதோ உடனேயோ ஐபுப்ரோஃபன் மாதிரி வலி மாத்திரை வேண்டாம், தண்ணி வத்தின உடம்புல சிறுநீரகத்துக்கு ஆபத்து. சிறுநீர் கோலா நிறத்துல போனா, தசை உடைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கலாம். காத்திருக்காம உடனே மருத்துவமனைக்குப் போங்க.