லிங்க் டவுனா? டவர் ஏறுறதுக்கு முன்னாடி கீழே பாருங்க

(திரையில்: மழை விட்ட காலை. மொட்டை மாடிக் கம்பத்துல ஒரு வெள்ளை டிஷ். கீழே ஈரமான கேபிள்.)

ரெண்டு டிஷ்ஷுக்கு நடுவுல வயர் இல்லாம நெட் கொண்டுபோற வயர்லெஸ் லிங்க்கைப் பராமரிக்கிறவங்களுக்கான வீடியோ இது. ராத்திரி நல்ல மழை. விடிஞ்சதும் போன் வருது, "நெட் வரல." நம்மள்ல நிறைய பேர் உடனே பெல்ட்டை மாட்டிக்கிட்டு டவர் ஏறிடுறோம். மேலே போய் டிஷ்ஷைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படின்னு திருப்பி, நல்லா இருந்த அலைன்மென்ட்டையும் (டிஷ் எதிர் டிஷ்ஷை நேராப் பார்க்குற திசை) கெடுத்துட்டு இறங்குறோம். ஏறுற ஒவ்வொரு தடவையும் உயிரைப் பணயம் வைக்கிறோம். அதனால ஏறுறதுக்கு முன்னாடி கீழே எதையெல்லாம் பார்க்கணும்னு இந்த வீடியோல பார்ப்போம்.

5 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுற லிங்க்கை, அதுவும் நாலஞ்சு கிலோமீட்டர் தூரத்துல, சாதாரண மழை பெருசா பாதிக்காது. 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோன்னா (டிஷ்ஷோட இருக்கிற சிக்னல் கருவி) கதையே வேற, அது மழையில படுத்துடும். இங்கே ஒரு கேள்வி கேளுங்க: மழை பெய்யும்போது மட்டும் போச்சா, இல்ல மழை விட்ட பிறகும் வரலையா? விட்ட பிறகும் வரலைன்னா காற்றுல தேடாதீங்க. தண்ணி எங்கேயோ உள்ளே போயிருக்கு.

(திரையில்: ரேடியோவோட ஸ்டேட்டஸ் பக்கம். அப்டைம் வரியைச் சுத்தி வட்டம்.)

ரேடியோ லாகின் ஆகுதுன்னா முதல்ல அப்டைம், அதாவது ரேடியோ அணையாம எவ்வளவு நேரமா ஓடுதுன்னு பாருங்க. 60 நாள்னு காட்டி லிங்க் மட்டும் இல்லைன்னா, பிரச்சனை சிக்னல் பக்கம், இல்லைன்னா எதிர்முனையில. 40 நிமிஷம்னு காட்டினா ரேடியோவே அணைஞ்சு எழுந்திருக்கு. அது பெரும்பாலும் கரென்ட் பிரச்சனை. இந்த ஒரு வரி உங்களுக்குப் பாதி நாளை மிச்சம் பண்ணிக் கொடுக்கும்.

கரென்ட்டை நான் சும்மா முதல்ல சொல்லல. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுத்துவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் நெடுந்தூர வைஃபையால இணைச்சாங்க, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள். நோயாளி தன் ஊர்ப்பக்கத்துலயே உட்கார்ந்து வீடியோவுல டாக்டரைப் பார்த்துடலாம். அந்த மாதிரி நெட்வொர்க்குகளை ஓட்டின அனுபவத்தை அவங்க 2008-ல ஆய்வுக்கட்டுரையா எழுதினாங்க. அவங்க பார்த்த பழுதுகள்ல மிகப் பெரும்பாலானது தரமில்லாத மின்சாரத்தால வந்ததுன்னு அதுல இருக்கு. வோல்டேஜ் ஏறும், இறங்கும், ரேடியோ பாதி உயிரோட தொங்கிக்கிட்டு நிக்கும்.

அதனால அடாப்டரை மாத்திப் பாருங்க. மாத்தியும் அடிக்கடி ரீபூட் ஆகுதுன்னா, கேபிளோட முனையைச் சீவி ஒரு கம்பியைக் கத்தியால சுரண்டுங்க. உள்ளே வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு இல்ல, செம்பு பூசின அலுமினியம். 24 வோல்ட் பிஓஇ (நெட் கேபிள் வழியாவே ரேடியோவுக்குப் போற கரென்ட்) அதுல 60, 70 மீட்டர் ஏறுறதுக்குள்ளே இளைச்சுப் போயிடும். பகல்ல ஓடும், ராத்திரி எல்லாரும் வீடியோ பார்க்கும்போது ரேடியோ கூடுதலா கரென்ட் கேட்கும், அப்ப விழுந்துடும். விலை குறைவுன்னு இந்தக் கேபிளை வெளியிடத்துல போடவே போடாதீங்க.

(திரையில்: கேமரா கிட்டப் போகுது. ஆர்ஜே 45 ஜாக். தங்க நிற ஊசிகள்ல ரெண்டு பச்சையா.)

இதைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. எட்டு ஊசியில ரெண்டு பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கு. மேலே உறை கிழிஞ்ச இடத்துல தண்ணி புகுந்து, கேபிளுக்குள்ளேயே வழிஞ்சு, கீழே ஜாக் வரைக்கும் வந்திருக்கு. ஜாக்கைப் பிடுங்கினா ஒரு சொட்டு கையில விழும். ரேடியோ பக்கத்துல போர்ட் ஸ்பீடு பாருங்க: 100 எம்பிபிஎஸ்ல இருக்க வேண்டியது 10-ன்னு காட்டும், இல்ல ஜிகாபிட் போர்ட் 100-க்கு இறங்கியிருக்கும். கஸ்டமர் "ஸ்லோ"ன்னுதான் சொல்லுவார், சிக்னல் அருமையா இருக்கும். புது ஜாக் அடிச்சா போதாது, நனைஞ்ச கேபிளையே மாத்தணும். ரேடியோவுக்குள்ளே நுழையறதுக்கு முன்னாடி கேபிளைக் கீழ்ப்பக்கம் ஒரு வளையமா தொங்க விடுங்க, தண்ணி அங்கேயே சொட்டிடும்.

பக்கத்துல இடி விழுந்து, வயர்லெஸ் லிங்க் இருக்கு ஆனா லேன் (கேபிள் பக்க இணைப்பு) செத்துப்போச்சுன்னா, போர்ட் எரிஞ்சிருக்கு. எர்த் சரியா இருக்கான்னு பார்க்காம புது ரேடியோ மாட்டாதீங்க.

இப்போ சிக்னல். 5 கிலோமீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸ். காற்றுல மட்டும் கிட்டத்தட்ட 122 டிபி (டெசிபல், சிக்னல் ஏத்த இறக்கத்தை அளக்குற அலகு) போயிடும். ரெண்டு பக்கமும் 23 டிபிஐ (சிக்னலைக் குவிக்கிற திறன்) டிஷ், 23 டிபிஎம் (அனுப்புற சக்தி) பவர்னா, மூணு 23-ம் சேர்ந்த 69-ல 122-ஐக் கழிச்சா மைனஸ் 53 வரணும். உங்களுக்கு மைனஸ் 72 காட்டுதுன்னு வைங்க. 19 டிபி குறையுது, அதாவது வர வேண்டிய சக்தியில கிட்டத்தட்ட எண்பதுல ஒண்ணுதான் வருது. இவ்வளவு பெரிய குறைவு வந்தா முதல்ல சைடு லோபைச் சந்தேகப்படுங்க: டிஷ் தன்னோட ஓரக் கதிர்ல பிடிச்சு நிக்குது. ரேடியோவோட ரெண்டு செயின்ல (தனித்தனி சிக்னல் பாதை) ஒண்ணு மைனஸ் 58, இன்னொண்ணு மைனஸ் 67-ன்னு வந்தா, அலைன்மென்ட்டோ, கனெக்டர்ல ஈரமோ, வழியில மறைப்போ இருக்கு.

மறைப்புன்னதும், எதிர் டவர் கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்னு நினைக்காதீங்க. அதே 5 கிலோமீட்டருக்கு, நடுவழியில முதல் ஃப்ரெனல் மண்டலத்தோட (நேர்கோட்டைச் சுத்தி சிக்னல் பரவிப் போற இடம்) ஆரம் 8 மீட்டர். அதுல 60 சதவீதம், சுமார் 5 மீட்டர், காலியா இருக்கணும். வைக்கும்போது இல்லாத தென்னங்கீத்து மூணு வருஷத்துல அங்கே வந்து நிக்கும். நனைஞ்ச இலை காய்ஞ்ச இலையை விட அதிகமா மறைக்கும்.

சிக்னல் மைனஸ் 60, ஆனா ஸ்பீடு இல்லைன்னா நாய்ஸை, அதாவது பின்னணி இரைச்சலைப் பாருங்க. மைனஸ் 95 அமைதி. மைனஸ் 80 வந்துட்டா வித்தியாசம் வெறும் 20 டிபி, நல்ல ஸ்பீடுக்கு 25-க்கு மேல வேணும். சேனலோட 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 40 ஆக்குங்க, நாய்ஸ் 3 டிபி குறையும், லிங்க் நிக்கும். 2018-ல இந்தியாவுல 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையோட பெரும்பகுதிக்கு லைசென்ஸ் தேவையில்லைன்னு ஆனதுல இருந்து தேர்ந்தெடுக்கச் சேனல் நிறைய இருக்கு, எல்லாரும் நிக்கிற சேனல்லயே நிக்காதீங்க. ஒரு நிமிஷம் காணாமப் போய்த் திரும்பி வர்ற லிங்க்னா லாக்ல ரேடார் எச்சரிக்கை இருக்கான்னு தேடுங்க, ரேடாரைக் கண்டா ரேடியோ தானாவே அந்தச் சேனலை விட்டு விலகிடும்.

(திரையில்: கம்பத்து கிளாம்ப், மார்க்கர் பேனா.)

இவ்வளவும் பார்த்து, அலைன்மென்ட்தான்னு உறுதியானா, இப்போ ஏறுங்க. கிளாம்ப்பைத் தளர்த்துறதுக்கு முன்னாடி கம்பத்துலயும் கிளாம்ப்லயும் சேர்த்து ஒரு கோடு போடுங்க. டிஷ்ஷை இடமிருந்து வலமா மெதுவா நகர்த்துங்க. ஒவ்வொரு அசைவுக்கும் கையை எடுத்துட்டு அஞ்சு வினாடி நிறுத்தி எண்ணைப் படிங்க. சிக்னல் ஏறும், இறங்கும், மறுபடி நல்லா ஏறும், இறங்கும், கடைசியா கொஞ்சம் ஏறும். நடுவுல வந்த பெரிய ஏத்தம்தான் உங்க இடம். அப்புறம் அதே மாதிரி மேலும் கீழும். போல்ட் இறுக்கின பிறகு இன்னொரு தடவை படிங்க, இறுக்கும்போதே ரெண்டு டிபி நழுவும். கீழே இறங்கி, ரெண்டு செயின் சிக்னல், நாய்ஸ், போர்ட் ஸ்பீடு, தேதி, இதையெல்லாம் அடாப்டரோட முதுகுல எழுதிட்டு வாங்க.