கே.பி.எஸ். ஏற்ற வேடங்கள்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டதும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். அவரைப் பற்றி நாம் பொதுவாக இரண்டு கதைகள்தான் சொல்லிக்கொள்கிறோம். ஒன்று, நாடக நடிகர் கிட்டப்பாவோடு அவருக்கு இருந்த காதல், சீக்கிரமே வந்த பிரிவு. இன்னொன்று, கையில் கோலோடும் நெற்றி நிறையத் திருநீறோடும் நிற்கும் ஔவையார். இந்த இரண்டுக்கும் நடுவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொழில் செய்த ஒரு பெண் இருக்கிறார். என்ன வேடம் போடுவேன், எதைப் போடமாட்டேன், எப்படி உடுத்துவேன் என்பதையெல்லாம் தானே முடிவுசெய்து, நாடக உலகத்தையும் சினிமா உலகத்தையும் அதற்கு ஒத்துவரச் செய்தவர். அந்தச் சுந்தராம்பாளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘கே’ என்பது காவிரிக் கரையில் இருக்கிற கொடுமுடி, மகுடேசுவரர் கோயில் ஊர். ‘பி’ என்பது பாலாம்பாள், அவருடைய அம்மா. 1908-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு முதலெழுத்தாகத் தாயின் பெயர் நிற்கிறது. வறுமையில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அம்மாதான். சின்ன வயதில் சுந்தராம்பாள் ரயிலில் பாடினார் என்றும், அந்தக் குரலைக் கேட்ட ஒருவர்தான் நாடகத்துக்கு வழிகாட்டினார் என்றும் சொல்வார்கள். இந்தக் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. எப்படியோ, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சிறுமியாகச் சேர்ந்துவிட்டார். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக நின்று, வயிறு பசிக்கிறது என்று அவர் பாடியபோது கொட்டகையே அழுதது என்பார்கள். பசியை அறிந்த குழந்தை பாடிய பாட்டு அது.

அந்தக் காலத்து நாடகம் எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் கே.பி.எஸ்ஸின் குரலைப் புரிந்துகொள்ள முடியாது. பாய்ஸ் கம்பெனி என்று ஒரு வகை இருந்தது. பையன்களைச் சேர்த்து, ஒரே இடத்தில் தங்கவைத்து, வாத்தியார் பாடம் சொல்லிக்கொடுத்து நடத்துவார்கள். ஸ்பெஷல் நாடகம் என்பது வேறு. மதுரையிலிருந்து நாயகன் வேடம் கட்டும் ஒரு ராஜபார்ட், வேறோர் ஊரிலிருந்து நாயகி வேடம் கட்டும் ஒரு ஸ்திரீபார்ட், இன்னொரு ஊரிலிருந்து சிரிக்கவைக்கும் பபூன் என்று தனித்தனியாக வரவழைத்து, அன்று ராத்திரி ஒரே மேடையில் ஏற்றிவிடுவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. ஆனாலும் நாடகம் விடிய விடிய நடக்கும். எப்படி என்றால், எல்லோருக்கும் பாடம் ஒன்றுதான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் நடிகர்கள் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம். வேலனும் வள்ளியும் தினைப்புனத்தில் தர்க்கம் செய்யும் இடம் வந்தால் பாட்டுக்குப் பாட்டு, பதிலுக்குப் பதில் என்று போகும். யார் எங்கே நிறுத்துவார், எந்த ராகத்துக்குத் தாவுவார் என்று எதிரில் நிற்பவருக்கே தெரியாது. ஆர்மோனியக்காரர் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே வாசிப்பார்.

இவ்வளவும் மைக் இல்லாமல். தகரக் கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அவர் சும்மா இருக்கமாட்டார், சத்தம் போடுவார். கே.பி.எஸ்ஸின் உச்சரிப்பு ஏன் அப்படி இருக்கிறது, மேல் ஸ்தாயியில் அந்தக் குரல் ஏன் கொஞ்சமும் மெலியாமல் நிற்கிறது என்பதற்கெல்லாம் விடை அந்தக் கொட்டகையில் இருக்கிறது. சபாக் கச்சேரியில் பழகிய குரல் நுணுக்கத்தால் நம்மை இழுக்கும். இவருடைய குரல் முதலில் சொல்லைக் கொண்டுவந்து கொடுக்கும், ராகம் அதன் பின்னாலேயே வரும். இது இசையறிவில் குறைந்த முறை என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தமிழ்ப் பாட்டில் தமிழ் கேட்க வேண்டும் என்று பின்னால் பெரிய இயக்கமே எழுந்தது. நாடக மேடை அதை அதற்கு முன்பே செய்துகாட்டிவிட்டது.

இலங்கையிலும் அவருக்குப் பெரிய பெயர் இருந்தது. தமிழ்நாட்டு நாடகக்காரர்கள் கப்பலேறிப் போய்க் கொழும்பில் மாதக்கணக்கில் தங்கி ஆடிய காலம் அது. 1926-ல் அங்கேதான் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு மேடையேறினார். கிட்டப்பா செங்கோட்டைக்காரர். ஆண்களுக்கு வழக்கமான சுருதிக்கு வெகு மேலே, ஐந்து கட்டையில் அநாயாசமாகப் பாடியவர் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவரோடு பாட யாரால் முடியும் என்று பேசப்பட்ட நேரத்தில், முடியும் என்று எதிரில் நின்றவர் பதினெட்டு வயதுப் பெண். ஆண் வேறு சுருதி, பெண் வேறு சுருதி என்ற இடைஞ்சல் இந்த ஜோடிக்கு இல்லை. தர்க்கப் பாட்டில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் அப்படியே எடுக்கலாம். ஊர் ஊராக ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து கேட்டதில் ஆச்சரியமில்லை.

1927-ல் இருவரும் மாயவரத்தில் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே திருமணம் ஆகியிருந்தது, சாதியும் வேறு. அந்த வாழ்க்கையில் நிம்மதி குறைவு. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. கிட்டப்பா குடிப்பழக்கத்துக்கும் நோய்க்கும் ஆளானார், பிரிவும் வந்தது. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்துவிட்டன. அவற்றில் கெஞ்சுகிற மனைவியும் இருக்கிறார், கணக்குக் கேட்கிற தொழில்காரியும் இருக்கிறார். இதற்கு மேல் அந்தக் கதைக்குள் நான் போகப் போவதில்லை. அதைப் பலரும் நிறையவே சொல்லிவிட்டார்கள்.

1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா காலமானார். வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நகை கிடையாது, இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. மேடையை விட்டே ஒதுங்கிவிட்டார்.

அந்த நாளில் கணவனை இழந்த பெண் நாலு பேர் முன்னால் வருவதே பெரிய விஷயம். நடிகைக்கோ மேடையில் பூவும் பட்டும் ஜோடியும்தான் பிழைப்பு. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நடிகைக்கு நாடகத்திலும் சினிமாவிலும் இடமே இல்லை என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். அவரைச் சும்மா இருக்க விடாதவர்களும் இருந்தார்கள். தேசிய இயக்கத்தார் அவருடைய குரல் வேண்டும் என்றார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவரைக் கட்சியின் பிரச்சார மேடைக்கு அழைத்துவந்தார். பேச்சைக் கேட்க வராத கூட்டமும் அவருடைய பாட்டைக் கேட்க வந்தது.

சினிமாவுக்கும் அழைப்பு வந்தது. 1935-ல் வெளிவந்த நந்தனார் படத்துக்கு அவர் கேட்ட சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். நடிக்க விருப்பமில்லாமல், கேட்டவர் ஓடிப்போகட்டும் என்றுதான் அந்தத் தொகையைச் சொன்னார் என்பார்கள். தயாரிப்பாளரோ சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டார். ஒரு லட்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேடம். அவர் ஏற்றது நந்தனார் வேடம், ஒரு ஆணின் வேடம். ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதியும் குலையவில்லை, தொழிலும் கைவிட்டுப் போகவில்லை. நாடக மேடையில் பெண்கள் ராஜபார்ட் கட்டுவது பழக்கமான ஒன்றுதான். அந்த மேடை மரபை எடுத்துத் தன் நெருக்கடிக்கு வழியாக்கிக்கொண்டார். படத்தில் நந்தனின் பண்ணை முதலாளியான வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். பண்ணையாள் நந்தன் பாட, வேதியர் பாட, இரண்டு பெரிய பாட்டுக்காரர்கள் நேருக்கு நேர்.

படம் சிறப்பாக அமைந்தது என்று நான் சொல்லமாட்டேன். கல்கி அதை ஆனந்த விகடனில் கடுமையாக விமர்சித்தார். கேமராவுக்கு நடிப்பது எப்படி என்பது அன்று இங்கே யாருக்குமே பிடிபடாமல் இருந்த காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழகிய முகபாவம், முகத்துக்கு அருகில் வந்து நிற்கும் கேமராவுக்குப் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் வாசல் திறந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பாருங்கள் நேயர்களே. 1940-ல் மணிமேகலை: இளவரசன் உதயகுமாரன் பின்னால் வந்தும் துறவு பூண்டு அமுதசுரபி ஏந்தியவள். 1953-ல் ஔவையார்: கலியாணம் வேண்டாம், முதுமையைக் கொடு என்று விநாயகரிடம் கேட்டு வாங்கியவள். 1964-ல் பூம்புகாரில் கவுந்தியடிகள், சமணத் துறவி. 1973-ல் காரைக்கால் அம்மையார்: அழகும் சதையும் போகட்டும், பேய் வடிவம் தா என்று சிவனிடம் கேட்டவள். மனைவி என்ற இடத்தைத் தாண்டி வெளியே வந்த பெண்கள் இவர்கள். நம் இலக்கியத்திலும் பக்தியிலும் எத்தனையோ காலமாக அவர்களுக்கு மரியாதையான இடம் உண்டு. சினிமாவில் அவர்களுக்கென்று ஒரு முகம் இல்லாமல் இருந்தது. வெள்ளைச் சேலையில் இருந்த இந்த அம்மாள் வந்து அந்த முகமானார். சமூகம் அவருக்கு விதித்த கோலத்தையே தன் நடிப்புக்கு மூலதனமாக்கிக்கொண்டார் என்பது என் கணிப்பு. துக்கத்தில் முடங்கிக் கிடந்த ஒருவருக்கு இப்படிச் செய்ய வராது.

ஔவையார் படத்தை ஜெமினி எஸ்.எஸ். வாசன் எடுத்தார், கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சிக்காகவே பலர் போனார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஔவை தெருவில் நடந்து போகும் சாதாரணக் காட்சிகளை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புத்தி சொல்கிற பாட்டி போல, பாட்டையும் பேச்சையும் பிரிக்காமல் கலந்து கொடுப்பார். பேசிக்கொண்டே இருக்கும்போது எங்கே பாட்டு தொடங்கியது என்று தெரியாது. 1935-ல் கைவராதது 1953-ல் கைவந்திருக்கிறது. மணிமேகலைக்கும் ஔவையாருக்கும் நடுவில் பதின்மூன்று வருஷம் அவர் படமே நடிக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வாழ்நாள் முழுவதும் அவர் நடித்த படங்கள் ஒரு டஜன் அளவில்தான் இருக்கும்.

பூம்புகாரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். கலைஞர் கருணாநிதியின் திரைக்கதை, வசனம். சுந்தராம்பாளோ கதர்க் காங்கிரஸ்காரர், சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தவர், தீவிர முருக பக்தை. தெய்வம் எங்கே போனது என்று கேட்கும்படி ஒரு பாட்டு வரி வந்தபோது, இதை நான் பாடமாட்டேன் என்று அவர் சொன்னாராம். வரி மாற்றப்பட்டது. இதில் நான் இரண்டு பேரையும் மதிக்கிறேன். எதிர் முகாமில் இருந்த ஒரு மூத்த கலைஞரை அழைத்து அந்த வேடத்தைக் கொடுத்ததும், அவருடைய மனசாட்சிக்கு இடம் விட்டதும் சாதாரண விஷயமில்லை.

அப்புறம் 1965, திருவிளையாடல். ‘பழம் நீயப்பா’ தெரியாத தமிழர் யாரும் இருக்கமாட்டார்கள். பழனி மலையில் கோபித்துக்கொண்டு நிற்கும் குழந்தை முருகனைச் சமாதானப்படுத்த ஔவை பாடும் பாட்டு. அதில் ‘ஞானப் பழத்தைப் பிழிந்து’ என்று தாளக்கட்டு இல்லாமல் விருத்தமாக எழுகிற பகுதி இருக்கிறதே, அது சங்கரதாஸ் சுவாமிகளுடையது. ஸ்பெஷல் நாடக மேடைக்கே பாடம் எழுதிக்கொடுத்த அந்தச் சுவாமிகளுடைய வரிகள், அவர் மறைந்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, அந்த மேடையில் வளர்ந்தவருடைய குரலில் கலர்ப் படத்தில் ஏறுகின்றன. இசையமைத்த கே.வி. மகாதேவனும் இயக்கிய ஏ.பி. நாகராஜனும் அந்த இடத்தில் அவரை அவசரப்படுத்தவில்லை. நாகராஜனும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர், விருத்தத்துக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த முறை கேட்கும்போது தாளம் நின்றுவிடும் இடத்தைக் கவனியுங்கள். ஐம்பத்தாறு வயதில் பாடியிருக்கிறார். மூச்சு எங்கே எடுக்கிறார் என்று தேட வேண்டியிருக்கும்.

1969-ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது துணைவன் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்தின ஆண்டு அந்த விருதைப் பெற்றவர் பி. சுசீலா. சுந்தராம்பாளைப் பின்னணிப் பாடகி என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகவே படவில்லை. அடுத்தவர் முகத்துக்குக் குரல் கொடுத்துப் பிழைத்தவர் அல்ல அவர். பாடுகிறவரே நடிக்க வேண்டும், நடிக்கிறவரே பாட வேண்டும் என்ற பழைய மேடையின் சட்டத்தைக் கடைசிவரை சினிமாவுக்குள்ளும் காப்பாற்றியவர். 1970-ல் பத்மஸ்ரீ வந்தது. தமிழ் இசைச் சங்கமும் கௌரவித்தது. கொடுமுடியில் தன் பெயரிலேயே ஒரு திரையரங்கும் கட்டினார். 1980-ல் மறைந்தார்.

முடிப்பதற்கு முன் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். சினிமாப் பாட்டுகள் எங்கும் கிடைக்கின்றன. 1920-களிலும் 30-களிலும் அவரும் கிட்டப்பாவும் கொடுத்த இசைத்தட்டுகள் அப்படி இல்லை. அவை அரக்குத் தட்டுகள், கீழே விழுந்தால் உடைந்துவிடும். பழைய வீடுகளின் பரணில் இன்னும் சில கிடக்கலாம், அவற்றோடு நாடக நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களும் இருக்கலாம். வீட்டை ஒழிக்கும்போது பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இவற்றைப் பாதுகாக்கிறார்கள். அங்கே சேர்த்துவிட்டால், மைக் இல்லாத கொட்டகையில் அந்தக் குரல் இருபது வயதில் எப்படி ஒலித்தது என்பதை இனி வரும் பிள்ளைகளும் கேட்கலாம்.

வணக்கம்.